அபூர்வ நோய், வித்தியாசமான பிரசன்டேஷன்: கேஸ் ரிப்போர்ட் எழுதறதுக்கு ஆரம்பத்துலருந்து புரூஃப் வரைக்கும் முழு வழிகாட்டி

கேஸ் ரிப்போர்ட் (ஒரே ஒரு பேஷன்ட்டோட நோயப் பத்தி மருத்துவ இதழுக்கு எழுதற கட்டுரை) எழுதலாம்னு முடிவு பண்ணின உடனே பிஜி படிக்கற டாக்டர் பசங்க முதல்ல திறக்கறது வேர்ட் ஃபைல், அதுல முதல்ல டைப் பண்றது இன்ட்ரொடக்ஷன். ரெண்டுமே வரிசை மாறிப்போன வேலை. பேஷன்ட் வார்டுல இருக்கும்போது செய்ய வேண்டியத விட்டுட்டு, அவரு ஊருக்குப் போய் போன் நம்பரும் மாத்தின பிறகு எழுத உக்காந்தா, எவ்வளவு நல்ல கேஸா இருந்தாலும் பாதியில நின்னுடும். அதனால இந்த வழிகாட்டில எழுத்து கிட்டத்தட்ட பாதியிலதான் வரும்.

உதாரணத்துக்கு மெலியோய்டோசிஸ் எடுத்துக்கறேன். மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் வாழற பர்க்கோல்டேரியா சூடோமல்லைங்கற பேக்டீரியா, பெரும்பாலும் சுகர் இருக்கறவங்கள பிடிக்கும், மழைக்காலத்துல கூடும், பார்க்க அப்படியே டிபி மாதிரி இருக்கும். தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் இருக்கு, ஆனா தேடினாத்தான் தெரியும். நம்ம கற்பனை பேஷன்ட்: அம்பது வயசு தாண்டின விவசாயி, பல வருஷமா சுகர், ரெண்டு மாசமா காய்ச்சல், கழுத்துல நெறிகட்டி, பயாப்சில கிரானுலோமான்னு (டிபில வழக்கமா வர்ற செல் கட்டி) வந்து டிபி மருந்து ஆரம்பிச்சாச்சு, காய்ச்சல் விடல, அப்புறம் முழங்கால் வீங்கிடுச்சு.

1. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி மூணு வேலை

முதல் வேலை சம்மதம். அட்மிஷன்ல வாங்கற ஃபார்மோ ஆபரேஷன் ஃபார்மோ இதுக்கு செல்லாது, "என் நோய் விவரமும் படங்களும் மருத்துவ இதழ்ல வரலாம், பேர் வராது, ஆனா என்னைத் தெரிஞ்சவங்க அடையாளம் கண்டுக்க வாய்ப்பு இருக்கு"ன்னு தனியா எழுதி கையெழுத்து வாங்கணும். தமிழ்ல இருக்கணும், படிச்சு சொல்லணும், மறுத்தாலும் ட்ரீட்மென்ட்ல எந்த மாற்றமும் இருக்காதுன்னு வாயால சொல்லணும். சில ஜர்னல் தன்னோட சொந்த ஃபார்ம்தான் வேணும்னு அடம் பிடிக்கும், அதனால எங்க அனுப்பலாம்னு ஓரளவு யோசனை இருந்தா அந்த ஃபார்மையும் சேர்த்தே வாங்கிடுங்க. பேஷன்ட் இறந்துட்டா நெருங்கின சொந்தக்காரர்கிட்ட கேக்கணும், அது ரொம்ப கஷ்டமான உரையாடல், அன்னிக்கே போய் நிக்காதீங்க.

ரெண்டாவது படம். வீங்கின முழங்கால் வடிஞ்ச பிறகு திரும்ப வராது. ஒரே வெளிச்சம், பின்னாடி வெறும் துணி, பக்கத்துல ஒரு ஸ்கேல், நல்லா இருக்கற பக்கமும் ஃபிரேம்ல வர மாதிரி. ட்ரீட்மென்டுக்குப் பிறகு அதே கோணத்துல இன்னொண்ணு.

மூணாவது, எல்லாரும் மறக்கறது, ஐசொலேட், அதாவது பேஷன்ட்டோட சாம்பிள்லருந்து லேப்ல வளர்த்தெடுத்த கிருமி. மைக்ரோபயாலஜி லேப்ல கல்ச்சர் பிளேட்ட கொஞ்ச நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க, ஸ்ட்ரெயின கிளிசரால்ல போட்டு மைனஸ் 80ல வச்சிருங்கன்னு நேர்ல போய் சொல்லுங்க. பின்னாடி ரிவ்யூவர் (ஜர்னலுக்காக உங்க பேப்பர சரிபாக்கற டாக்டர்) "பிசிஆர்ல உறுதி பண்ணீங்களா"ன்னு கேப்பாரு, அப்ப கையில எதுவும் இல்லன்னா கதை முடிஞ்சது. அதே நடையில "மெலியோய்டோசிஸ் சந்தேகம்"னும் லேப்ல சொல்லிடுங்க, ஏன்னா இந்தக் கிருமிய திறந்த பெஞ்சுல கையாளக்கூடாது, பயோசேஃப்டி கேபினெட் வேணும், மண்வாசனை வருதான்னு பிளேட்ட மோந்து பாக்கற பழக்கம் இருக்கறவங்க அன்னிக்காவது நிறுத்திக்கணும்.

2. இது எழுத வேண்டிய கேஸான்னு பாருங்க

அபூர்வமான நோய்ங்கறது மட்டும் காரணம் ஆகாது. அபூர்வ நோய் பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே வந்து, அதே மருந்துல சரியாப் போச்சுன்னா படிக்கறவருக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. அபூர்வ நோய் வேற ஒரு சாதாரண நோய் வேஷத்துல வந்துச்சு, அதனால டயக்னோசிஸ் தள்ளிப்போச்சுன்னா அது எழுதலாம். ட்ரீட்மென்ட்லயே எதிர்பாராத காம்ப்ளிகேஷன் வந்துச்சுன்னா அதையும் எழுதலாம்.

நான் ஜூனியர்ஸ்கிட்ட கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இதப் படிச்ச டாக்டர் நாளைக்கு ஓபில என்ன மாத்தி செய்வாரு? பதில் "அவேர்னஸ் வரும்"னு வந்தா இன்னும் யோசிக்கலன்னு அர்த்தம். "கிரானுலோமா இருந்தும் டிபி மருந்துக்கு கேக்காத சுகர் பேஷன்ட்டுக்கு, நெறிகட்டிய திரும்பக் குத்தி பேக்டீரியல் கல்ச்சர் அனுப்புவாரு"ன்னு வந்தா கேஸ் இருக்கு.

3. டயக்னோசிஸ நீங்களே அடிச்சுப் பாருங்க

இந்த ஸ்டெப்ல நேரம் செலவு பண்ணுங்க, ரிஜெக்ட் ஆகற பல பேப்பர் இங்கதான் விழுது. வித்தியாசமான பிரசன்டேஷன்னு சொல்ற எல்லாத்துக்கும் ரெண்டு போட்டி விளக்கம் எப்பவும் இருக்கும்: ஒண்ணு, டயக்னோசிஸே தப்பு. ரெண்டு, பேஷன்ட்டுக்கு ஒரே நேரத்துல ரெண்டு நோய்.

முதல் சந்தேகத்துக்கு லேப் ரிப்போர்ட்ட வரி வரியா படிங்க. இந்தக் கிருமிய சூடோமோனாஸ்னு ரிப்போர்ட் பண்றதும், கன்டாமினன்ட்னு (வெளியிலருந்து சாம்பிள்ல கலந்த கிருமின்னு) ஒதுக்கறதும் சகஜம், ஆட்டோமேட்டட் மெஷின் சில நேரம் பர்க்கோல்டேரியா செபாசியான்னு சொல்லும். எந்த மருந்துக்குக் கிருமி கேக்கும்னு சொல்ற சென்சிட்டிவிட்டி லிஸ்ட்டுலயே துப்பு இருக்கு. சாதாரண சூடோமோனாஸ் ஏருஜினோசா பெரும்பாலும் கொலிஸ்டினுக்குக் கேக்கும், கோ-அமாக்ஸிகிளாவுக்குக் கேக்காது. இது அப்படியே தலைகீழ், கொலிஸ்டினுக்கும் ஜென்டமைசினுக்கும் பெரும்பாலும் கேக்காது, கோ-அமாக்ஸிகிளாவுக்குக் கேக்கும். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் பேசில்லஸ்ல இந்த பேட்டர்ன் வந்தா லேப்ல போய் உக்காந்து பேசுங்க. அப்புறம் லேட்டக்ஸ் அக்லுட்டினேஷனோ, டிடிஎஸ்1 ஜீன பாக்கற பிசிஆரோ செஞ்சு உறுதி பண்ணுங்க, உங்க காலேஜ்ல வசதி இல்லன்னா ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புங்க. சீராலஜிய (ரத்தத்துல ஆன்டிபாடி பாக்கற டெஸ்ட்ட) மட்டும் நம்பி எழுதாதீங்க, இந்தக் கிருமி மண்ணுல இருக்கற ஊர்ல நோயே இல்லாதவங்களுக்கும் ஆன்டிபாடி இருக்கும்.

ஒரு கல்ச்சர் நெகட்டிவ்னு விட்றாதீங்க. இந்த நோய்ல கல்ச்சரோட சென்சிட்டிவிட்டி, அதாவது நோய் இருக்கறவங்கள்ல பாசிட்டிவ் காட்டறது, சுமார் 60 சதவீதம்தான், அதனால ரத்தம், சீழ், யூரின், தொண்டை ஸ்வாப்னு எல்லா இடத்துலருந்தும் எடுக்கணும். வயிறு, இடுப்பு சிடியும் வேணும், ஏன்னா வலியே சொல்லாத பேஷன்ட்டுக்கு கல்லீரல்லயோ மண்ணீரல்லயோ புராஸ்டேட்லயோ சீழ்க்கட்டி ஒளிஞ்சிருக்கும். சிடி எடுக்காம "நெறிகட்டில மட்டும் வந்த மெலியோய்டோசிஸ்"னு எழுதினா, மட்டும்ங்கற வார்த்தைக்கு ஆதாரம் இல்ல.

ரெண்டாவது சந்தேகம் டிபி. நம்ம ஊர்ல சுகர் இருக்கறவருக்கு டிபியும் இருக்கலாம், மெலியோய்டோசிஸ்லயும் கிரானுலோமா வரும், ஆக பயாப்சி ரிப்போர்ட் ரெண்டு பக்கமும் பேசும். ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியோட ஜீன தேடற டெஸ்ட்) செஞ்சீங்களா, மைக்கோபேக்டீரியா கல்ச்சர் முழு காலமும் வச்சுப் பாத்தீங்களா, டிபி மருந்த எப்ப நிறுத்தினீங்க, நிறுத்தின பிறகு என்ன ஆச்சு, இது நாலும் கேஸ் பகுதியில இருந்தே ஆகணும். நெகட்டிவ் ரிசல்ட்ட "ரூல்டு அவுட்"னு ஒரே வார்த்தைல முடிக்காதீங்க, எந்த சாம்பிள், எந்த டெஸ்ட்னு போடுங்க.

4. தேடல்: "முதல் கேஸ்"னு சொல்றதுக்கு முன்னாடி

கூகுள்ல ரெண்டு வார்த்தை போட்டுட்டு "இந்தியாவிலேயே முதல் முறை"ன்னு எழுதறது புதுசா வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வரி, ரிவ்யூவருக்கு அத உடைக்க அஞ்சு நிமிஷம் போதும். பப்மெட்ல (மருத்துவக் கட்டுரைகளத் தேடற தளம்) மெஷ் வார்த்தைய, அதாவது கட்டுரைக்கு அவங்க ஒட்டற தலைப்பு லேபிள, வச்சும் தேடணும், சாதாரண வார்த்தைய வச்சும் தேடணும், ஏன்னா புதுசா வந்த பேப்பருக்கு மெஷ் லேபிள் ஒட்ட கொஞ்ச காலம் ஆகும்.

பழைய பேரையும் போடுங்க. இந்தக் கிருமிக்கு 1992ல தான் பர்க்கோல்டேரியான்னு பேர் வந்துச்சு, அதுக்கு முன்னாடி சூடோமோனாஸ் சூடோமல்லை. விட்மோர் நோய்னும் சொல்லுவாங்க. புதுப் பேர மட்டும் போட்டு தேடினா அதுக்கு முந்தின கேஸ்ல நிறைய உங்க கண்ணுலயே படாது. அபூர்வ நோய்ல பேர் மாறாத நோய் குறைவு, அதனால எந்த நோயா இருந்தாலும் இத செக் பண்ணுங்க.

இன்னொண்ணு, அபூர்வம்ங்கறது ஊருக்கு ஊர் மாறும். புராஸ்டேட்ல சீழ்க்கட்டி நமக்கு ஆச்சரியம், வடக்கு ஆஸ்திரேலியால அது தெரிஞ்ச விஷயம், ஆண் நோயாளிகளுக்கு அதத் தேடியே ஸ்கேன் எடுக்கறாங்க. தாய்லாந்து குழந்தைங்களுக்கு காதுக்குக் கீழ பரோட்டிட் சுரப்பில சீழ் வர்றது அங்க நல்லாத் தெரிஞ்ச பிரசன்டேஷன். மூளைத்தண்டுல வர்றதும் ஆஸ்திரேலியால பதிவானதுதான். உங்க வார்டுல யாரும் பாத்ததில்லங்கறதுக்கும் உலகத்துல யாரும் பாத்ததில்லங்கறதுக்கும் ரொம்ப தூரம்.

எக்ஸ்போஷர், அதாவது கிருமி எங்கருந்து வந்து தொத்தியிருக்கலாம்ங்கறத, பத்தியும் தேடுங்க. 2021ல அமெரிக்காவுல கான்சஸ், டெக்சஸ், மின்னசோட்டா, ஜார்ஜியான்னு நாலு மாநிலத்துல வெளிநாடே போகாத நாலு பேருக்கு இந்த நோய் வந்துச்சு, ரெண்டு பேர் இறந்துட்டாங்க, கடைசில இந்தியால தயாரான ஒரு வாசனை ஸ்ப்ரே பாட்டில்ல கிருமி இருந்ததக் கண்டுபிடிச்சாங்க. விவசாயின்னா மண்ணுதான் காரணம்னு ஹிஸ்டரிய அங்கயே நிறுத்திடாதீங்கன்னு சொல்ல இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

தேடின தேதி, எந்த டேட்டாபேஸ், என்ன வார்த்தை, இத ஒரு ஃபைல்ல வச்சுக்கங்க. "எங்களுக்குத் தெரிஞ்சவரை"ன்னு எழுதும்போது அந்த வரிக்குப் பின்னாடி நிக்க இது வேணும்.

5. ஒரே ஒரு வரி மெசேஜ்

தேடி முடிச்ச பிறகு ஒரு வரி எழுதி மானிட்டர்ல ஒட்டுங்க. நம்ம கேஸுக்கு: "கிரானுலோமா இருக்கு, டிபி மருந்துக்குக் கேக்கல, சுகர் இருக்குன்னா பேக்டீரியல் கல்ச்சர் அனுப்பணும்." இனி எழுதற ஒவ்வொரு பாராவும் இந்த வரிக்கு வேலை செய்யணும், செய்யலன்னா வெட்டணும். தேடலுக்கு முன்னாடியே இந்த வரிய எழுதினா, ஏற்கெனவே பத்து பேர் சொன்னதயே சொல்லிட்டிருப்பீங்க.

6. டைம்லைன்

எழுத ஆரம்பிக்கறது இங்கருந்துதான். ஒரு டேபிள், நாலு நெடுவரிசை: நாள், என்ன ஆச்சு, என்ன டெஸ்ட், என்ன முடிவு. கேஸ் ஷீட், நர்ஸிங் சார்ட், வெளி ஆஸ்பத்திரி சீட்டு மூணையும் பக்கத்துல வச்சு நிரப்புங்க, மூணும் ஒத்துப்போகாது, எந்த இடத்துல முரண்படுதோ அங்க பேஷன்ட்டையோ வீட்டுக்காரங்களையோ கூப்பிட்டுக் கேளுங்க.

நாள் 1 எதுங்கறத முதல்லயே முடிவு பண்ணுங்க, காய்ச்சல் ஆரம்பிச்ச நாளா, நீங்க அட்மிட் பண்ண நாளா. பாதில மாத்தினா டிஸ்கஷன்ல "தாமதம்"னு சொல்ற கணக்கு எல்லாம் தப்பாப் போகும். நிஜ தேதி போடாதீங்க, தேதி, ஊர், தொழில் மூணும் சேர்ந்தாலே ஆள் யாருன்னு பக்கத்துத் தெருவுக்குத் தெரிஞ்சிடும்.

7. கேஸ் பகுதி

டைம்லைன் சரியா இருந்தா இந்தப் பகுதி தானா வரும். கேஸ் ரிப்போர்ட்ல என்னென்ன இருக்கணும்னு சொல்ற கேர் (CARE) செக்லிஸ்ட்னு ஒண்ணு 2013லருந்து இருக்கு, 13 தலைப்பு, பல ஜர்னல் அத நிரப்பி அனுப்பச் சொல்லும். எழுதறதுக்கு முன்னாடியே பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி நிரப்பினா ஃபாலோ அப்புக்கும் பேஷன்ட்டோட பார்வைக்கும் எழுத ஒண்ணுமே இருக்காது.

நடந்த வரிசையிலயே சொல்லுங்க. கடைசில தெரிஞ்ச டயக்னோசிஸ முதல் நாளே தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க, முதல் நாள் ஏன் டிபின்னு நினைச்சீங்க, அந்த நேரத்துல அது ஏன் நியாயமாப் பட்டுச்சு, அதத்தான் படிக்கறவர் பாக்க வர்றாரு. டிபி மருந்து ஆரம்பிச்சது வேற ஆஸ்பத்திரின்னா "வெளியில ஆரம்பிச்சிருந்தாங்க"ன்னு சொன்னாப் போதும், குத்திக்காட்ட வேண்டாம்.

நார்மல் ரிசல்ட் எல்லாத்தையும் கொட்டாதீங்க, மெசேஜுக்குத் தேவையான நெகட்டிவ் மட்டும். ஹெச்பிஏ1சி (சில மாச சுகர் சராசரி), கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), ஹெச்ஐவி மூணும் இருக்கணும், இல்லன்னா கேப்பாங்க. மருந்துக்கு டோஸ், ரூட், எத்தனை நாள்: செஃப்டாசிடிமோ மெரோபெனமோ ஐவில எத்தனை நாள் கொடுத்தீங்க (குறைஞ்சது 10 முதல் 14 நாள், ஆழமான சீழ்க்கட்டி, மூட்டு, மூளைன்னா இன்னும் நீளும்), அதுக்கப்புறம் வாய்வழி கோ-ட்ரைமாக்ஸசோல் எத்தனை மாசம், வழக்கமா குறைஞ்சது 3. மாத்திரைய முழு காலமும் சாப்பிட்டாரான்னு தெரியாம "முழுமையா குணமானார்"னு எழுதக்கூடாது, பாதில விட்டா திரும்ப வர்ற நோய் இது.

8. காம்ப்ளிகேஷன்னா காரணத்த நிரூபிக்கணும்

கோ-ட்ரைமாக்ஸசோல் ஆரம்பிச்ச சில நாள்ல நம்ம விவசாயிக்கு பொட்டாசியம் ஏறுதுன்னு வச்சுக்குவோம். "மெலியோய்டோசிஸோட அபூர்வ காம்ப்ளிகேஷன்"னு தலைப்பு வைக்க கை துடிக்கும். நிறுத்துங்க. கோ-ட்ரைமாக்ஸசோல்ல இருக்கற ட்ரைமெத்தோபிரிம் சிறுநீரகத்துல சோடியம் சேனல அடைக்கும், அதனால பொட்டாசியம் வெளிய போகாம தேங்கும், இது நோயோட வேலை இல்ல, மருந்தோட வேலை. அவரு பிரஷருக்கோ சுகரால வர்ற கிட்னி பாதிப்புக்கோ எனலாப்ரில் சாப்பிடறாரான்னு பாருங்க, அதுவும் பொட்டாசியத்த ஏத்தும். சாம்பிள்ல ரத்த அணு உடைஞ்சு (ஹீமோலைஸ் ஆகி) பொய்யா ஏறுச்சான்னு பாருங்க. கிரியேட்டினின் லேசா ஏறினத வச்சு கிட்னி ஃபெயிலியர்னு எழுதிடாதீங்க, இதே மருந்து கிரியேட்டினின் வெளியேறறதையும் தடுக்கும், வடிகட்டற வேலை குறையாமலே நம்பர் மட்டும் ஏறலாம்.

மருந்து காரணம்னு சந்தேகம்னா நரஞ்சோ ஸ்கோர் (மருந்துதான் காரணமான்னு கேள்வி கேட்டு மார்க் போடற அளவுகோல்) போடுங்க: 9ம் அதுக்கு மேலயும் நிச்சயம், 5 முதல் 8 வரை அநேகமா, 1 முதல் 4 வரை இருக்கலாம். ஸ்கோர மட்டும் போடாம ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில்னு டேபிளா கொடுங்க. திரும்ப மருந்து கொடுத்தப்ப திரும்ப வந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு 2 மார்க். மார்க்குக்காக யாரும் திரும்பக் கொடுத்துப் பாத்துடாதீங்க, இத சொல்ல வேண்டியிருக்கறதே கொடுமை, ஆனா "அது விட்டுப்போச்சே சார்"னு கேக்கறவங்க இருக்காங்க.

9. படங்கள்

கண்ணுல கறுப்புப் பட்டை ஒட்டினா அடையாளம் மறைஞ்சிடாது, மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேச கமிட்டியே (ஐசிஎம்ஜேஇ) அது போதாதுன்னு சொல்லுது. முகம் தேவையில்லன்னா முகமே வேண்டாம். சிடி படத்த பேக்ஸ்ல (ஆஸ்பத்திரியோட ஸ்கேன் பட சாஃப்ட்வேர்) ஸ்கிரீன்ஷாட் எடுத்தா மூலையில பேரும் ஐபி (உள்நோயாளி) நம்பரும் இருக்கும், ஸ்கேனோட ஒரிஜினல் டைகாம் ஃபைலா எடுத்தா கண்ணுக்குத் தெரியாத ஹெடர்ல இருக்கும். பவர்பாயிண்ட்ல க்ராப் பண்ணா வெட்டின பகுதி ஃபைலுக்குள்ளயே தங்கிடும், யாரு வேணா திரும்ப விரிச்சுப் பாக்கலாம். க்ராப் பண்ணி தனிப் படமா சேவ் பண்ணுங்க.

வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பின படம் அமுங்கிப்போய் ஜர்னல் கேக்கற 300 டிபிஐக்கு வராது. ஒரிஜினல பென்டிரைவ்ல வாங்குங்க. அம்புக்குறி போடாத சிடி, மேக்னிஃபிகேஷன் போடாத ஹிஸ்டாலஜி, ரெண்டும் திரும்பி வரும்.

10. டிஸ்கஷன், அப்புறம் இன்ட்ரோ, கடைசில தலைப்பு

டிஸ்கஷன்ல மெலியோய்டோசிஸ் பத்தி முழு பாடம் எடுக்காதீங்க, அது வேணுங்கறவங்க ரிவ்யூ ஆர்ட்டிகிள் படிப்பாங்க. முதல் பாரால இந்தக் கேஸ்ல எது வழக்கத்துக்கு மாறு, மத்த ரிப்போர்ட்டோட ஒப்பிட்டு. அடுத்து, டயக்னோசிஸ் ஏன் தாமதம் ஆச்சு. அடுத்து, டிபியும் சேர்ந்து இருந்திருக்கலாமேன்னு கேக்கறவருக்குப் பதில், அதோட உங்களால செய்ய முடியாமப் போன டெஸ்ட் எது. அந்தக் குறைய நீங்களே சொல்லிட்டா ரிவ்யூவருக்கு அடிக்க ஆயுதம் குறையும். ஒரே பேஷன்ட்ட வச்சு "இந்த மருந்து சிறந்தது"ன்னு எழுதாதீங்க, அவரு குணமானாருங்கறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.

டிஸ்கஷன் முடிஞ்சாத்தான் இன்ட்ரோல என்ன வேணும்னே தெரியும், ஏழெட்டு வரி போதும். அப்ஸ்ட்ராக்ட் அதுக்கும் பிறகு. தலைப்புல "ஒரு அபூர்வ நோயின் அபூர்வ பிரசன்டேஷன்"னு வச்சா தேடறவங்க கண்ணுல படவே படாது, நோய் பேர், உறுப்பு, எதுவா நடிச்சுது, கேஸ் ரிப்போர்ட்ங்கற வார்த்தை, இது நாலும் வரட்டும்.

ஏஐ டூல் வச்சு ஆங்கிலத்த சரி பண்ணா அத வெளிப்படையா சொல்லணும், ஆத்தரா போடக்கூடாது. பேஷன்ட் விவரத்த அதுல அப்படியே பேஸ்ட் பண்றது சம்மதம் வாங்கினதுக்கே விரோதம்.

11. ஆத்தர் லிஸ்ட், ஜர்னல்

ஆத்தர் வரிசைய முதல் டிராஃப்டுக்கு முன்னாடியே பேசி முடிங்க, வாட்ஸ்அப் குரூப்லயாவது எழுத்துல இருக்கட்டும். ஐசிஎம்ஜேஇ விதிப்படி வேலை செஞ்சிருக்கணும், எழுதவோ திருத்தவோ செஞ்சிருக்கணும், கடைசி வடிவத்த ஒத்துக்கணும், பொறுப்பு ஏத்துக்கணும், நாலும் சேரணும். கல்ச்சர அடையாளம் கண்ட மைக்ரோபயாலஜி ஆள விட்டுட்டு, கேஸையே பாக்காதவங்க பேர் நாலு சேத்த லிஸ்ட் நிறைய பாத்திருக்கேன், இதுல ஜூனியரால ரொம்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் தெரியும். யார் என்ன செஞ்சாங்கன்னு ஒரு டேபிள் போட்டு எல்லாருக்கும் மெயில் பண்ணிப் பாருங்க, சில பேர் தானாவே ஒதுங்கிக்குவாங்க.

ஒரே ஒரு கேஸுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணுமாங்கறது இன்ஸ்டிட்யூஷனுக்கு இன்ஸ்டிட்யூஷன் மாறும், தேவையில்லன்னா "தேவையில்ல"ன்னு ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கங்க.

ஜர்னல்: கேஸ் ரிப்போர்ட் வாங்கறாங்களான்னு முதல்ல பாருங்க, பல பெரிய ஜர்னல் வாங்கறதில்ல. ஃபீஸ் எவ்வளவு, எப்ப கட்டணும். மூணு நாள்ல அக்செப்டன்ஸ்னு மெயில் வந்தா ரிவ்யூவே நடக்கலன்னு அர்த்தம். பப்மெட்ல இருக்கோம்னு அவங்க வெப்சைட்ல போட்டிருந்தா, பப்மெட்ல போய் அந்த ஜர்னல் பேர நீங்களே தேடுங்க. ஓப்பன் ஆக்சஸ்னா (யாரு வேணா இலவசமா படிக்கற ஜர்னல்) டிஓஏஜே (DOAJ) லிஸ்ட்டுலயும், அதாவது ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களோட பட்டியல்லயும், பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பாதீங்க, கண்டுபிடிச்சா ரெண்டும் போகும்.

12. அனுப்பினதுக்கு அப்புறம்

ரிவ்யூவர் கமெண்ட் வந்தா அன்னிக்கே பதில் எழுதாதீங்க. ஒவ்வொரு கமெண்டுக்கும் நம்பர் போட்டு, கீழ பதில், கீழ எந்தப் பக்கத்துல என்ன மாத்தினீங்கன்னு எழுதுங்க. ஒத்துக்க முடியாத கமெண்டுக்கு மரியாதையா காரணம் சொல்லலாம், தப்பில்ல. செய்யாத டெஸ்ட்ட செஞ்சதா மட்டும் எழுதிடாதீங்க, "செய்யல, இந்தக் காரணத்தால"ன்னு லிமிடேஷன்ல போட்டா பெரும்பாலும் விட்டுடுவாங்க. ஃபாலோ அப் இன்னும் நீட்டுங்கன்னு கேட்டா பேஷன்ட்ட கூப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க, அதுக்குத்தான் டிஸ்சார்ஜ் அன்னிக்கே ரெண்டு போன் நம்பர் வாங்கி வைக்கணும், ஒண்ணு அவரோடது, ஒண்ணு வீட்டுல வேற யாராவதோடது.

புரூஃப் (அச்சுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்பற பிரதி) வந்தா பெரும்பாலும் 48 மணி நேரம்தான் கொடுப்பாங்க, அதுலயும் பாதி பேர் தங்களோட பேர் ஸ்பெல்லிங்க மட்டும் பாத்துட்டு ஓகே போட்டுடுவாங்க. டோஸ் யூனிட்ட பாருங்க, டைப்செட்டிங்ல மைக்ரோகிராமோட கிரேக்க எழுத்து காணாமப் போகறது நடக்கும். கிருமி பேர் இட்டாலிக்ல இருக்கான்னு பாருங்க. டைம்லைன் டேபிள்ல வரிசை நகர்ந்திருக்கான்னு ஒரு தடவ கேஸ் ஷீட்ட வச்சு ஒப்பிடுங்க. பேஷன்ட் காப்பி கேட்டிருந்தா பிடிஎஃப் வந்த உடனே அவரு நம்பருக்கு அனுப்பிடுங்க.